முந்நூறு கழிசல்

2024 செப்டம்பர் 9

குத்தாலிங்கம் இன்று என் நாற்றங்காலுக்குள் வந்தான். கையில் ஒரு எலுமிச்சம்பழம். மரியாதைக்குரியவர்களைப் பார்க்கப் போனால் ஒரு பழம் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக எட்டாயிரம் எலுமிச்சை நாற்று நிற்கிற இடத்துக்கு எலுமிச்சம்பழமா? கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்த கதைதான். வாங்கி ஆட்டுக்குப் போட்டேன்.

முந்நூறு நாற்று வேண்டுமாம். தென்காசி ரோட்டு ஓரமாகப் புதிதாக இரண்டு ஏக்கர் வாங்கியிருக்கிறானாம். "நம்ம சுடலை நாத்துன்னா கண்ண மூடிக்கிட்டு வைக்கலாம்லா தங்கச்சி," என்றான். என் வீட்டுக்காரர் பெயரை அந்த வாயால் சொல்கிறான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஐப்பசி மழைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவன் செய்ததை இங்கே ஒரு முறை எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரரும் அவனும் பங்குக் கிணறு. மோட்டார் ஒன்று. மூன்று நாள் எங்கள் முறை, மூன்று நாள் அவன் முறை. எலுமிச்சைக்கு வருடத்தில் ஒரு தடவை வாட்டம் கொடுப்போம். முப்பது நாள் தண்ணீரை நிறுத்தி மரத்தைத் தவிக்க விடுவது. இலையெல்லாம் சுருண்டு, செத்துவிடுவோமோ என்று மரம் பயப்படும். அந்தப் பயத்தில்தான் பூக்கும். குறித்த நாளில் தண்ணீர் விட்டுவிட வேண்டும், அதில் தவறினால் போச்சு. வீட்டுக்காரர் போன பிறகு நான் தனியாகக் கொடுத்த முதல் வாட்டம் போன வருடம் பங்குனியில். தண்ணீர் விடுகிற அன்றைக்குப் பார்த்து, மோட்டார் காயில் எரிந்துவிட்டது, உள்ளே கம்பிச் சுருள் கருகிப்போச்சு என்று கழற்றிக்கொண்டு போனான். ஐந்து நாள் சொட்டுத் தண்ணீர் இல்லை. மற்ற மரங்கள் தப்பின. தாய்மரம் என்று நாங்கள் கூப்பிடுகிற அந்த ஒற்றை மரம் பட்டுப்போனது.

அவர் வைத்து வளர்த்த மரம். முப்பது வருடம்.

செப்டம்பர் 10

அவர் வைத்திருந்த தண்ணீர்ப் பாய்ச்சல் நோட்டில்தான் இதை எழுதுகிறேன். அவர் எழுதியதெல்லாம் நாளைக்கு ஒரு வரி. "மேலப்பாத்தி பாய்ந்தது." "சாணி ரெண்டு வண்டி." எனக்கு ஒரு வரி காணாது. உனக்கு வாய் நீளம் என்று அவரே சொல்வார். போன வருடம் பங்குனிப் பக்கங்களை மட்டும் ஒன்றோடு ஒன்று சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிவிட்டேன். அதைத் திரும்பப் பார்த்து என்ன ஆகப்போகிறது.

செப்டம்பர் 23

புழு வந்துவிட்டது. பட்டாம்பூச்சி முட்டையிலிருந்து வருகிற புழு. சின்னதில் பார்த்தால் காக்கை எச்சம் இலையில் விழுந்த மாதிரி இருக்கும். தெரியாதவர்கள் விட்டுவிடுவார்கள். இரண்டே நாளில் நாற்றை மொட்டையடித்துவிடும். நானும் பேராச்சியும் காலையிலிருந்து கையாலேயே பொறுக்கி வாளித் தண்ணீரில் போட்டோம். பேராச்சி பதினோரு வருடமாக என்னிடம் வேலை பார்க்கிறாள். அவள் வாய்க்கு முன்னால் என் வாய் ஒன்றுமில்லை.

குத்தாலிங்கத்துக்கு நாற்றுக் கொடுக்கப்போகிறேன் என்றதும் அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வெட்கம் கெட்டுப் போச்சா என்று கேட்டாள். எந்த நாற்று என்று கேளேன் என்றேன். கடைசிப் பாத்தியைக் கையால் காட்டினேன்.

கடைசிப் பாத்தி கழிசல் பாத்தி. எலுமிச்சை விதை ஒன்று போட்டால் இரண்டு முளை வரும், மூன்று கூட வரும். அதில் தாயைப் போல வருவதும் உண்டு, ஊர் பேர் தெரியாமல் வருவதும் உண்டு. நோஞ்சான், கோணல், இலை வெளுத்தது, எல்லாவற்றையும் பிடுங்கித் தனியே வைத்துக் கழுத்தை முறித்துக் குழியில் போட வேண்டும். அதை விற்கக் கூடாது, இனாமாகக்கூடக் கொடுக்கக் கூடாது. அது வீட்டுக்காரர் போட்ட சட்டம். வாங்கினவன் ஐந்து வருடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் காய்க்காது என்று தெரியும், அது ஒரு மனிதனின் ஐந்து வருடத்தைத் திருடுவது என்பார்.

ஐந்து வருடம். அதுதான் எனக்கும் வேண்டும். ஐந்து வருடம் அவன் நம்பித் தண்ணீர் ஊற்றட்டும்.

இரண்டு மாதமாகக் கழுத்தை முறிக்காமல் சேர்த்து வைத்திருக்கிறேன். அவன் கேட்பதற்கு முன்னாலேயே ஏன் சேர்த்தேன் என்று பேராச்சி கேட்டாள். நேரமில்லை என்றேன்.

அக்டோபர் 18

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. காலையில் குத்தாலிங்கத்தின் டிராக்டர் வந்தது. அவன் வரவில்லை, டிரைவர் மட்டும்தான். வந்திருந்தால் நாற்றுப் பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பான், எலுமிச்சையிலேயே பிறந்து வளர்ந்தவன். சாமி என் பக்கம்.

டிராக்டரில் மேல் வரிசைக்கு மட்டும் இருபது நல்ல நாற்று வைத்தேன். அப்படியும் முந்நூறுக்கு எண்ணிக்கை குறைந்தது. அதற்குள் சந்தைக்கு நேரமாகிவிட்டது. கழிசல் அம்புட்டையும் ஏத்து, ஒன்றுகூட மிச்சம் வைக்காதே என்று பேராச்சியிடம் சொல்லிவிட்டு நான் கிளம்பிவிட்டேன்.

அக்டோபர் 19

வீட்டுக்காரர் போன பிறகு நேற்றுதான் விடிய விடியத் தூங்கினேன்.

நவம்பர் 2

என் கையை வெட்டிப் போட்டால் தேவலை.

கடைசிப் பாத்தியில் களை வெட்டப் போனேன். பாத்தி மூலையில் ஒரு செங்கல் குத்தி வைத்திருந்தேன். அந்தச் செங்கல் மட்டும் நிற்கிறது. அதை ஒட்டிப் பதினொரு பாக்கெட் இருந்த இடத்தில் வட்ட வட்டமாகக் களை முளைக்காத தடம்.

தாய்மரம் பட்ட பிறகு காய்ந்த கிளையில் நாலே நாலு பழம் ஒட்டிக்கொண்டிருந்தது. சுருங்கிப்போய், தோல் கல்லாக. அதிலிருந்து எடுத்த விதையை நான்தான் போட்டேன். அந்த மரத்து விதையில் ஒற்றை முளைதான் வரும், அது அதன் குணம். வருகிறதும் தாயைப் போல வருவது அபூர்வம். அவர் உயிரோடு இருக்கும்போதே எத்தனையோ தடவை முயன்றார், பதியம் போட்டுக்கூடப் பார்த்தார், ஒன்றும் பிடிக்கவில்லை. இந்தப் பதினொன்றும் மெலிந்து வளைந்துதான் நின்றன. பார்க்கிறவர்களுக்குக் கழிசல்தான். அதனால்தானே அந்தப் பாத்தியிலேயே வைத்திருந்தேன், தனியாக வைத்தால் ஆடு தின்றுவிடும் என்று.

பேராச்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் செங்கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யக்கா, ஒண்ணுகூட மிச்சம் வைக்காதேன்னு நீங்கதான சொன்னிய," என்றாள்.

நான்தான் சொன்னேன். அவளை ஒரு வார்த்தை திட்ட முடியவில்லை. அவருடைய மரத்தின் கடைசிப் பிள்ளைகளை அதைக் கொன்றவனுடைய டிராக்டரில் நானே ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

நவம்பர் 3

சோறு இறங்கவில்லை.

நவம்பர் 20

போய்க் கேட்கலாமா? எப்படிக் கேட்பது? அண்ணாச்சி, நான் உங்களுக்குக் கொடுத்த கழிசலில் பதினொன்று என்னுடைய பொக்கிஷம், திருப்பிக் கொடுங்கள் என்றா? கழிசல் கொடுத்தேன் என்று வாயைத் திறந்தால் நாற்றங்காலை அன்றைக்கே இழுத்து மூட வேண்டியதுதான்.

டிசம்பர் 11

பேராச்சி பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூச்சிரைக்க ஓடி வந்தாள். ரோட்டுத் தோட்டத்தில் போர்டு வைத்திருக்கிறான் என்றாள். உடனே போய்ப் பார்த்தேன். தகரத்தில் மஞ்சள் அடித்து, சிவப்பில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் என் கை அகலம்.

"இத்தோட்டத்து நாற்றுகள்: சுடலைமுத்து நாற்றங்கால், புளியங்குடி."

அதற்குப் பின்னால் முந்நூறு கழிசல். ஒன்று முழங்கால் உயரம், பக்கத்தில் ஒன்று சாண் உயரம், ஒன்று வெளுத்து, ஒன்று தரையோடு படுத்து. போகிற பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். எலுமிச்சை வைக்கிறவன் ஒருவன் பார்த்தால் போதும், ஏழு ஊருக்குச் சொல்லிவிடுவான்.

கண்டுபிடித்துவிட்டான். பிடுங்கி என் வாசலில் கொட்டிச் சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவன் ஒரு சத்தமும் போடவில்லை. நட்டு, பாத்தி பிடித்து, தண்ணீர் ஊற்றி, அதற்கு மேல் செத்துப்போன என் புருஷன் பெயரை எழுதி வைத்திருக்கிறான். பாவி, பழி வாங்கத் தெரிந்தவன். இதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், ஆனால் எனக்குத் தோன்றியிருந்தால் நானும் இதைத்தான் செய்திருப்பேன்.

டிசம்பர் 30

வாசுதேவநல்லூரிலிருந்து அறுநூறு நாற்றுக்குச் சொல்லி வைத்திருந்தவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. எந்த ரோடு வழியாக வந்தார் என்று நானும் கேட்கவில்லை.

2025 ஜனவரி 6

இன்று நேரே போய்விட்டேன். பேராச்சி வேண்டாம் என்றாள். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அவன் வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வா தங்கச்சி என்றான், பழைய குரல்தான். சில நாற்று சரியில்லாமல் போயிருக்கிறது போல, வேலைக்காரி மாற்றி ஏற்றிவிட்டாள், பிடுங்கிக்கொண்டு வேறு தருகிறேன் என்றேன். பேராச்சி தலையில் பழியைப் போட்டேன், அவள் கேட்டால் என்னை வைவாள். அவன் சிரிக்கவில்லை.

"எதுக்கு மாத்தணும்? சுடலை நாத்துன்னு நம்பி வச்சிருக்கேன். ஒண்ணையும் பிடுங்க விடமாட்டேன் தங்கச்சி. வேணும்னா சுத்திப் பாத்துட்டுப் போ."

பார்த்தேன். வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொன்றிலும் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்தேன். சாதாரண எலுமிச்சை இலை மூக்கில் சுள்ளென்று ஏறும். தாய்மரத்து இலையில் அதோடு லேசாக நாரத்தை வாசம் கலந்து வரும். அது வேறு எந்த மரத்திலும் வராது. வெயில் ஏறிவிட்டது. விரலெல்லாம் பச்சை, முள் குத்தி ரத்தம். இருநூறு போனது, ஒன்றும் இல்லை. பதினொன்றில் பாதி ஏற்கெனவே செத்திருக்கும் என்று தெரிந்துதான் மோந்துகொண்டு போனேன்.

ரோட்டிலிருந்து நாலாவது வரிசை, போர்டுக்கு நேர் பின்னால். கசக்கினேன். வந்தது.

அங்கேயே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அழுதேனா என்றும் தெரியாது. முழங்கால் உயரம்கூட இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அவர் சட்டையில் வருகிற வாசம்.

பிறகு சுதாரித்துக்கொண்டு அடுத்ததையும் கிள்ளி மோந்தேன், அதற்கு அடுத்ததையும். அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் அல்லவா? முந்நூறும் முடித்துவிட்டுத்தான் வந்தேன். அந்த ஒன்றுதான்.

ஜனவரி 9

இரண்டு வழி யோசித்தேன். ஒன்று, திருடுவது. வேரோடு பெயர்த்தால் அது பிழைக்காது, அத்தனை நோஞ்சான். இன்னொன்று, ஒரு குச்சி முறித்து வந்து ஒட்டுக் கட்டுவது. அதற்கு மரம் பென்சில் கனமாவது ஆக வேண்டும், இரண்டு வருடம் ஆகும். அதுவரை அது அவன் மண்ணில், அவன் தண்ணீரில் உயிரோடு இருக்க வேண்டும்.

அவனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே பிடுங்கி எறிந்துவிடுவான். அதனால் இனி அந்தப் பக்கமே போகக் கூடாது.

பிப்ரவரி 14

தாய்மரம் பட்ட பிறகு நான் தனியாகப் போட்ட போர்வெல்லில் மோட்டார் நின்றுவிட்டது. லூர்து வந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், இந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். போன வருடத்துக்கு முந்தின வருடம் பங்குனியில் உங்கள் பங்குக் கிணற்று மோட்டார் வந்தது, உள்ளே காயில் கரிக்கட்டையாக இருந்தது, இரண்டு நாள் நானும் பையனும் தூங்காமல் கட்டிக் கொடுத்தோம் என்றார்.

எரியவே இல்லை, பொய் சொன்னான் என்றல்லவா நான் இத்தனை நாளும் நினைத்தேன்.

லூர்துவுக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். அதனால் என்ன? எரிந்தது என்றே இருக்கட்டும். இரண்டு நாளில் சரியாகிவிட்டதே, மூன்றாம் நாள் எனக்கு ஏன் தண்ணீர் விடவில்லை? காயில் கட்டி வந்த அன்று அவன் முறை தொடங்கியது, மூன்று நாளும் தன் மரத்துக்குப் பாய்ச்சினான். சட்டப்படி அவன் முறைதான். மனிதனென்றால், என் மரம் வாட்டத்தில் நிற்பது தெரிந்தால், முறையை மாற்றிக்கொள்ள மாட்டானா?

நான் போய்க் கேட்டேனா என்று பேராச்சி கேட்டாள். கேட்க மாட்டேன், நான் ஏன் கேட்க வேண்டும்?

மார்ச் 21

பங்குனி வெயில். ஊர் முழுக்க வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். நான் முப்பதாம் நாள் காலையிலேயே தண்ணீர் விட்டுவிட்டேன், ஒரு மணி நேரம்கூடத் தள்ளவில்லை.

தென்காசி போய்த் திரும்பும்போது பஸ் அவன் தோட்டத்தருகே நின்றது. சன்னல் வழியாகப் பார்த்தேன். குத்தாலிங்கம் நாலாவது வரிசையில் குனிந்து நிற்கிறான். குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து அந்தச் சாய்ந்த நாற்றின் அடியில் ஊற்றுகிறான். முட்டுக் கொடுக்க ஒரு குச்சியும் நட்டிருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். தாயைத் தண்ணீர் இல்லாமல் கொன்றவன் மகளுக்குக் குடம் குடமாகச் சுமக்கிறான், யாருக்குச் சுமக்கிறோம் என்றே தெரியாமல். என்னை அவமானப்படுத்தத்தான் ஊற்றுகிறான், போர்டுக்குப் பின்னால் இடம் காலியாகிவிடக் கூடாது என்று. ஊற்றடா. நன்றாக ஊற்று. வேர் பிடிக்கிற வரைக்கும் ஊற்று.

வீட்டுக்கு வந்து பேராச்சிக்கும் எனக்கும் பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டாள். மனசு சரியாக இருக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 3

சாரல். நாற்று விற்பனை பாதிதான். பேராச்சி வாரத்தில் மூன்று நாள் வேறு தோட்டத்துக்குப் போகிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

2026 பிப்ரவரி 2

பஸ்ஸிலிருந்து பார்த்தேன். இடுப்பு உயரம். சாய்வு நிமிர்ந்துவிட்டது.

2027 ஜனவரி 17

குச்சி முறிக்கப் போகலாம் என்று கத்தி தீட்டி வைத்தேன். போகவில்லை. போனால் எதற்கு என்று கேட்பான். அவனிடம் ஒரு குச்சிகூட நான் கேட்டதாக இருக்கக் கூடாது. பழுக்கட்டும். பறவை தின்று விதை போட்டாலும் போடட்டும், நான் கேட்க மாட்டேன்.

மே 8

கழிசல்களில் பாதியை அவன் பிடுங்கிவிட்டு வேறு எங்கிருந்தோ நல்ல நாற்று வாங்கி வைத்திருக்கிறான். நாலாவது வரிசையில் கை வைக்கவில்லை. போர்டும் அப்படியே இருக்கிறது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

2028 மார்ச் 27

மதியம் மூன்று மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. குத்தாலிங்கம் வந்தான். ஆள் மெலிந்து போயிருக்கிறான், கையில் தடி. நடந்தே வந்திருக்கிறான். தோளில் துண்டை மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். என் முன்னால் அவிழ்த்து வைத்தான்.

பதினேழு பழம். வெயில் காலத்தில் வேறு யார் மரத்திலும் பழம் இல்லாதபோது காய்க்கும் பழம். காம்புக்கு இரண்டாக. தோல் மெலிந்து உள்ளே வெளிச்சம் தெரிகிற மாதிரி. எடுத்து மோந்து பார்க்கத் தேவையே இல்லை, அவிழ்த்த உடனே வீடெல்லாம் நாரத்தை வாசம்.

"உன் மரம் காய்ச்சிருக்கு தங்கச்சி," என்றான்.

எப்படித் தெரியும் என்று நான் கேட்பதற்குள் அவனே சொன்னான். அன்றைக்கு நான் முந்நூறு இலையைக் கசக்கினேன் அல்லவா, ஒன்றே ஒன்றில் மட்டும் நின்றுவிட்டேன் அல்லவா. நான் போன பிறகு அவனும் போய்க் கசக்கி மோந்திருக்கிறான். முப்பது வருடம் அந்த மரத்து நிழலில் சுடலையோடு உட்கார்ந்து கஞ்சி குடித்தவனுக்கு அது தெரியாதா என்றான். அன்றையிலிருந்து அதற்குத் தனியாகக் குடத்தில் ஊற்றியிருக்கிறான். போர்டை முதலில் என் மேல் உள்ள கோபத்தில்தான் வைத்தானாம், அதை மறைக்கவில்லை. அப்புறம் அந்த மரம் பிழைத்தால் போர்டு பொய்யாக இருக்காது என்று விட்டுவிட்டானாம்.

எனக்கு நன்றி வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மூன்று வருடம் பஸ் சன்னலில் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பெல்லாம் வீண். தெரியாமல் ஊற்றுகிறான் என்றுதானே சிரித்தேன். என்னிடம் இருந்தது அந்த ஒரு பழிதான், அதையும் இந்த ஆள் மூட்டை கட்டிக் கொண்டுவந்து பழமாகக் கொட்டிவிட்டான்.

உட்காரச் சொல்லவில்லை. அவனாகவே படியில் உட்கார்ந்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி கொடு தங்கச்சி," என்றான்.

பகையாளி வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். குடம் அவன் கண்ணுக்கு எதிரில் இருந்தது. கழுத்து வரை நிறைய இருந்தது. மேலே சொம்பு கவிழ்த்தியிருந்தது.

"மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு அண்ணாச்சி," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், குடத்தைப் பார்த்தான். தலையை மெல்ல ஆட்டினான். தடியை ஊன்றி எழுந்தான்.

"அஞ்சு நாளாகும்லா? சரி. அஞ்சு நாள் கழிச்சு வாரேன்."

போய்விட்டான். திரும்பி வேகாத வெயிலில் நடந்தே போனான். ஐந்து என்ற கணக்கு அவனும் வைத்திருந்திருக்கிறான்.

மார்ச் 28

நேற்று அவன் போன பிறகு அந்த வாசத்தோடு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. காலையில் ஒரு பழத்தை அறுத்தேன். நாலு விதை. சாம்பலில் புரட்டி நிழலில் வைத்தேன். பிறகு நோட்டை எடுத்தேன். ஒட்டியிருந்த பக்கங்களை ஈரத்துணி வைத்து ஊறவிட்டுப் பிரித்தேன். பருக்கைத் தடம் அப்படியே இருக்கிறது. என் கையெழுத்துதான்.

"வாட்டம் 30 நாள். இன்னும் தாங்கும்."

"வாட்டம் 36. எவ்வளவு தவிக்கிறதோ அவ்வளவு பூக்கும். இன்னும் தாங்கும்."

"வாட்டம் 41. குத்தாலிங்கம் வேலியோரம் வந்து மரத்தைப் பார், தண்ணீர் விடு என்றான். என் மரம், எனக்குத் தெரியும் என்றேன். இன்னும் தாங்கும்."

"வாட்டம் 45. நாளைக் காலை விடலாம். மோட்டார் ஓடவில்லை."

அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

முப்பது நாள் அவர் சொன்னது. இரண்டு நாள் காயில் எரிந்தது, அதற்கு யாரும் பொறுப்பில்லை. மூன்று நாள் குத்தாலிங்கத்துடையது. என் மேல் கோபம், வேலியோரம் வந்து சொன்னதற்கு மூக்கை உடைத்துவிட்டேன் என்று முறையைப் பிடித்துக்கொண்டான். அந்த மூன்றை நான் விடப்போவதில்லை, அவனும் அதைத் தள்ளச் சொல்லவில்லை.

பதினைந்து நாள் மிச்சம் இருக்கிறது. அது என்னுடையது. ஐந்து வருடமாக அதையும் சேர்த்து அவன் தலையில் ஏற்றி வைத்துவிட்டு நிம்மதியாகச் சோறு தின்றிருக்கிறேன். அந்தப் பதினைந்து நாளுக்கு நான் யாரிடம் போய்த் தண்ணீர் கேட்பேன்?

மார்ச் 30

விதை போட்டேன். செங்கல்லை எடுத்து அதன் பக்கத்தில் குத்தி வைத்தேன். பேராச்சியிடம் அந்தச் செங்கல்லைத் தொட்டுக் காட்டினேன். "தெரியுது யக்கா, இந்தத் தடவ என்னைய ஏத்தச் சொல்லிட்டு சந்தைக்குப் போயிராதிய," என்றாள்.

ஏப்ரல் 1

அண்ணாச்சி வந்தார். படியில் உட்கார்ந்தார். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குடத்தைக் கழுவிக் காலையிலேயே புதிதாக நிறைத்து வைத்திருந்தேன். ஒரு சொம்பு கொடுத்தேன். தூக்கிக் குடித்தார், நெஞ்சில் வழிந்தது. சொம்பை நீட்டி இன்னொன்று கேட்டார்.

அடுத்த சொம்புக்கு உங்கள் முறை வரட்டும் அண்ணாச்சி என்றேன். நாலாவது வரிசையைப் பார்க்க வேண்டும், முதலில் அங்கே கூட்டிப் போங்கள் என்றேன்.